குன்றேறி வந்த வடம்

இடைவேளை மணி அடித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் லெஸ்லியைத்தான் பார்ப்பார்கள்.

ஏனென்றால், பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரேயொரு பந்துதான் இருந்தது. அது லெஸ்லியின் பந்து. நல்ல சிவப்பு நிற இறப்பர் பந்து. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தலைக்கு மேலே எழும்பும்.

அது 1973ஆம் ஆண்டு. வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. திருகோணமலை நகரத்தில் எந்தக் கடையில் போய்ப் பந்து கேட்டாலும், "சாப்பிடுற பாணுக்கே வரிசையில நிக்கிறம் பிள்ளை, பந்துக்கு எங்க போறது?" என்று கடைக்காரர் சிரிப்பார்.

பள்ளிக்கூடம் ஓர்ஸ் ஹில் குன்றின் மேலே இருந்தது. மைதானத்து மதிலில் ஏறி நின்றால் உள்துறைமுகமும் அதில் நிற்கும் கப்பல்களும் தெரியும். மைதானம் பெரியது. ஒரு வேப்பமரமும் ஒரு புளியமரமும் நின்றன. விளையாடத்தான் ஒன்றும் இல்லை.

லெஸ்லி தினமும் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பான். "நீ வா, நீ வா, நீ வேண்டாம்" என்று ஆள் தெரிவுசெய்வான். தெரியப்பட்டவர்கள் விளையாடுவார்கள். மற்றவர்கள் மதிலோரம் குந்தியிருந்து பார்ப்பார்கள்.

அஸீம் ஒருநாளும் தெரியப்பட்டதில்லை. "நீ காட்டுத்தனமா உதைப்பாய். பந்து வெடிச்சுப் போகும்" என்பான் லெஸ்லி.

ஒரு திங்கட்கிழமை அஸீமுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பந்தைப் பறித்தான். ஓங்கி ஒரு உதை உதைத்தான்.

பந்து வெடிக்கவில்லை. மதிலைத் தாண்டிப் பறந்தது. குன்றின் வளைந்த வீதியில் விழுந்து, துள்ளி, மறுபடி துள்ளி, கீழே கடலை நோக்கி ஓடியது.

"போச்சு! போச்சு!" என்று மதிலோரம் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

லெஸ்லி மதிலில் ஏறி நின்று பார்த்தான். கடைசியில் தண்ணீரில் ஒரு சிவப்புப் புள்ளி மிதந்துபோனது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கைதட்டாதவர்களில் ஸல்ஹாவும் ஒருத்தி. அவள் ஐந்தாம் வகுப்பு. மெலிந்த உடம்பு, ஆனால் பெரிய குரல். அவளுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. அன்று அவள் மதிலில் நின்ற லெஸ்லியின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பந்து போன மறுநாள் இடைவேளையில் பார்ப்பதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை. பையன்கள் புளியமரத்துக்குக் கல் எறியத் தொடங்கினார்கள். ஒரு கல் குறி தவறி, இரண்டாம் வகுப்புப் பரீனாவின் நெற்றியில் பட்டது. பரீனா ஸல்ஹாவின் தங்கை.

காயம் சின்னதுதான். ஆனால் இரத்தத்தைக் கண்டதும் பள்ளிக்கூடமே அலறியது. தலைமை ஆசிரியர் யோசேப் சேர் ஓடி வந்து, பரீனாவின் நெற்றிக்கு மருந்து போட்டுக் கட்டினார். பிறகு எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"நாளையில இருந்து இடைவேளைக்கு ஒருத்தரும் வெளியில போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில தாற பணிஸைச் சாப்பிட்டிட்டு, அவரவர் இருந்து படிக்கிற வாங்கிலேயே இருக்க வேணும்."

புதன்கிழமை இடைவேளை அப்படியே நடந்தது. கொதிக்கிற கேத்திலின் மூடியைப் போல வகுப்புகள் படபடத்தன. வாங்குகளின் கீழே கால்கள் ஆடின. யாரோ ஒருவன் முன்னால் இருந்தவளின் பின்னலை வாங்கோடு சேர்த்துக் கட்டிவிட்டான். மணி அடித்தபோது எல்லாரும் விளையாடியதை விட அதிகம் களைத்துப் போயிருந்தார்கள்.

ஸல்ஹா நேராகத் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

"சேர், உள்ள வரலாமா?"

"வந்திட்டாய்தானே. சொல்லு."

"சேர், கல்லெறிஞ்சது பிழைதான். என்ட தங்கச்சிக்குத்தான் காயம். ஆனா விளையாட ஏதும் இருந்திருந்தா ஒருத்தரும் கல் எடுத்திருக்க மாட்டாங்க."

யோசேப் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் தெரியும் பிள்ளை. கேக்க வேண்டிய இடமெல்லாம் கேட்டுப் பாத்தனான். விளையாட்டுச் சாமான் ஒண்டும் இல்லையாம். அதோட, ஒரு பந்து வந்தாலும் என்ன நடக்கும்? கொஞ்சப் பேர் விளையாடுவினம். மிச்சப் பேர் சண்டை பிடிப்பினம்."

"அப்ப எப்பிடிப்பட்ட சாமான் வேணும், சேர்?"

"எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து விளையாடுற சாமான். ஒருத்தன் மட்டும் 'என்ட' எண்டு தூக்கிக்கொண்டு போக ஏலாத சாமான். அப்பிடி ஒண்டு இருந்தாக் கொண்டு வா, பாப்பம்."

கதையை முடிப்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஸல்ஹாவுக்கோ அது ஒரு வேலை கொடுத்தது போல இருந்தது.

"சரி சேர். இந்தக் கிழமைக்குள்ள கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். யோசேப் சேர் கண்ணாடியைப் போட மறந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு இறங்கும்போது வீதி வளைவில் லெஸ்லி தனியாக நின்றான். கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போகேல்லையா?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"நீயும் சிரிக்க வந்தனியா?"

"நான் சிரிக்க வரேல்ல. கேக்க வந்தனான். நீ ஏன் எல்லாரையும் விளையாட விடாமல் வச்சனி?"

லெஸ்லி வீதியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தட்டினான். பிறகு, "அப்பா கப்பல்ல வேலை. போன வருஷம் வந்தபோது தந்தவர். அது உடைஞ்சா வேற பந்து இல்ல. அவர் எப்ப வருவார் எண்டும் தெரியாது" என்றான்.

ஸல்ஹா காற்று வரும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். 

"வா" என்றாள். "காத்து கரைப் பக்கம்தான் அடிக்குது. பந்து ஒதுங்கியிருந்தாலும் இருக்கும்."

இரண்டு பேரும் கரையெல்லாம் தேடினார்கள். இழுத்து வைத்திருந்த வள்ளங்களுக்கு இடையில் பார்த்தார்கள். இறங்குதுறையின் தூண்களுக்கு இடையில் குனிந்து பார்த்தார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. மூடியில்லாத போத்தல் கிடைத்தது. பந்து கிடைக்கவில்லை.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக, பெரிய சுருள் ஒன்று கிடந்தது. கிணற்றுக் கட்டு அளவுக்கு உயரம். களைத்துப்போன லெஸ்லி அதன்மேல் ஏறிக் குந்தினான்.

"என்னடா இது, பாம்பு சுருண்டு படுத்த மாதிரி?" என்றாள் ஸல்ஹா.

தொட்டுப் பார்த்தாள். கயிறு. அவளுடைய கையை விடத் தடிப்பான கயிறு.

"ஆரது அங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கப்பல் சங்கு ஊதியது போல இருந்தது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பான ஸெய்னுதீன் வந்துகொண்டிருந்தார்; எல்லாரும் அவரை அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலுக்குப் பயந்து சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. லெஸ்லி குதித்து இறங்கி ஓடத் தயாரானான்.

"நாங்கதான் காக்கா!" என்று ஸல்ஹா அதே அளவு சத்தமாகப் பதில் சொன்னாள். தன்னுடைய குரலைப் போல இன்னொரு குரலைக் கேட்டு ஸெய்னுதீன் காக்காவே ஒரு கணம் நின்றுவிட்டார்.

"இது என்ன கயிறு, காக்கா?"

"கப்பல் கட்டுற வடம் புள்ள. எத்தினையோ கப்பலை இழுத்துப் பிடிச்ச வடம். இப்ப தேய்ஞ்சு போச்சு, கப்பலுக்கு உதவாது. நாளைக்குப் பின்னேரம் லொறி வந்து குப்பைக்கு ஏத்திட்டுப் போகும்."

"குப்பைக்குப் போறத எங்கட பள்ளிக்கூடத்துக்குத் தாங்களேன்."

ஸெய்னுதீன் காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "நாலு ஆம்புளையள் மூச்சுப் பிடிச்சு உருட்டி வச்ச வடம். உங்களுக்குத் தூக்க ஏலுமெண்டாத் தூக்கிட்டுப் போங்க."

"உண்மையாவா?"

"ஸெய்னுதீன் சொன்னாச் சொன்னதுதான். ஆனா லொறி வாறதுக்கு முதல் எடுக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஸல்ஹாவும் லெஸ்லியும் சுருளைத் தள்ளிப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். அவர்களுடைய கால்கள்தான் மணலில் புதைந்தன.

"ஏலாது" என்றான் லெஸ்லி. கோபத்தில் வடத்தின் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். நுனி கழன்று அவனோடு வந்தது.

"பொறு, பொறு!" ஸல்ஹா கத்தினாள். "அப்பிடியே நட!"

லெஸ்லி நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஸல்ஹா அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"பாரமா இருக்கா?"

"இல்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல. எங்களுக்குப் பின்னால மணலில இழுபடுதே, அதுதான் பாரம். அங்கயும் ஒரு ஆள் நிண்டா? அதுக்குப் பின்னால இன்னொரு ஆள்?"

லெஸ்லி சுருளைத் திரும்பிப் பார்த்தான். "அவ்வளவுக்கும் ஆள் நிக்கிறதெண்டாப் பள்ளிக்கூடமே வேணும்."

"பள்ளிக்கூடமே இருக்குதுதானே!" என்றாள் ஸல்ஹா.

வியாழக்கிழமை இடைவேளையில் வாங்கு வாங்காகச் செய்தி போனது. எல்லா வகுப்பும் தலையாட்டியது. அஸீம் மட்டும் ஆட்டவில்லை.

"லெஸ்லி வந்தா நான் வர மாட்டன். நான் வராட்டி என்ட கூட்டாளிமாரும் வர மாட்டாங்க."

"வடத்தின்ட நுனியைக் கண்டது அவன்தான்" என்றாள் ஸல்ஹா. "அஸீம், நீ அவன்ட பந்தைக் கடலுக்க உதைச்சாய். அவனே வாறான். உனக்கென்ன?"

அஸீம் காதைச் சொறிந்தான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உடனே விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "அப்ப நான்தான் தலைப்பக்கம் பிடிப்பன்."

"நான் வாலைப் பிடிக்கிறன்" என்றான் லெஸ்லி பின் வாங்கிலிருந்து. "எனக்கு எங்க நிண்டாலும் சரி."

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் திரளாகக் குன்றை விட்டு இறங்கினார்கள். நெற்றிக் கட்டோடு பரீனாவும் வந்தாள். அவர்களைக் கண்டதும் ஸெய்னுதீன் காக்கா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யா அல்லாஹ்! இவ்வளவு பேரா?"

"லொறி இன்னும் வரேல்லத்தானே, காக்கா?" என்று கேட்டாள் ஸல்ஹா.

"வரேல்ல, வரேல்ல" என்றார் அவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தானே வந்து சுருளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

அஸீம் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். சுருள் கழலக் கழல ஒவ்வொருவராக வந்து வடத்துக்குத் தோள் கொடுத்தார்கள். கடைசியில் லெஸ்லி வாலைத் தூக்கினான். கறுப்பு வடத்துக்குக் கால்கள் முளைத்து நடக்கத் தொடங்கியது போல இருந்தது.

பெரிய வீதிக்கு ஏறியதும் ஒரு பஸ் நின்றுவிட்டது. முன்னால் போகவும் இடமில்லை, பின்னால் போகவும் இடமில்லை. நடத்துனர் தலையை வெளியே நீட்டி, "பிள்ளையள், வடம் வருது, தேர் எங்க?" என்று கேட்டார்.

"தேர் பள்ளிக்கூடத்தில நிக்குது, அண்ணை!" என்றாள் ஸல்ஹா. பஸ் முழுவதும் சிரித்தது.

நகரத்தில் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று வீதியோரம் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் குட்டி மற்றப் பக்கத்தில் நின்றது. குட்டிக்குப் பொறுமை இல்லை. பிள்ளைகள் வடத்தைக் கொஞ்சம் தாழ்த்திய நேரம் பார்த்து, ஒரே பாய்ச்சலில் தாண்டித் தாயிடம் ஓடியது.

"மான் விளையாடத் தொடங்கிட்டுது!" என்று பரீனா கத்தினாள்.

குன்றடிக்கு வந்தபோதுதான் கஷ்டம் தொடங்கியது. மேட்டில் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு வேகத்தில் நடந்தார்கள். முன்னால் இழுத்தார்கள், நடுவில் நின்றார்கள், பின்னால் முட்டினார்கள். சின்னவர்கள் தடுமாறினார்கள்.

"எல்லாரும் ஒரே நேரத்தில கால் வைக்கணும்" என்றாள் ஸல்ஹா. "எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லிக்கொண்டு நடப்பம்."

எல்லாருக்கும் தெரிந்தது என்ன? பாட்டு என்றால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது.

"எட்டாம் வாய்பாடு!" என்றான் லெஸ்லி வாலிலிருந்து. யோசேப் சேர் அதைத் தினமும் காலையில் சொல்ல வைப்பார்.

"ஓரெட்டு எட்டு! ஈரெட்டு பதினாறு!"

ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பச் சொல்லி, சொல்லுக்கு ஒரு அடி வைத்தார்கள். வடம் சீராக மேலேறியது. ஐயெட்டு நாற்பது வளைவைத் தாண்டியது. ஆறெட்டு நாற்பத்தெட்டு வேலியைத் தாண்டியது.

"ஏழெட்டு..."

தலைப்பக்கம் "ஐம்பத்தாறு!" என்றது. வால் பக்கம் "ஐம்பத்துநாலு!" என்றது. வடம் அப்படியே நின்றுவிட்டது.

"ஐம்பத்தாறுதான்டா!" என்று அஸீம் திரும்பிக் கத்தினான்.

"சரி, சரி, ஐம்பத்தாறு!" என்று லெஸ்லி ஒப்புக்கொண்டான். வடம் மறுபடி நகர்ந்தது.

தன் அறையில் இருந்த யோசேப் சேர் பேனையை வைத்துவிட்டுக் காது கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. வாய்பாடு மட்டும் குன்றேறி வருகிறதே! படலைக்கு ஓடி வந்தார்.

வடம் உள்ளே வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியாக வாலோடு லெஸ்லியும் வந்து சேர்ந்தான். எல்லாரும் மூச்சு வாங்கினார்கள்.

"ஏழெட்டு எத்தினை?" என்று கேட்டார் யோசேப் சேர்.

"ஐம்பத்தாறு!" என்று மைதானம் அதிர்ந்தது.

"சரி. இனி இது என்னவெண்டு சொல்லுங்கோ."

"கப்பல் கட்டுற வடம், சேர்" என்றாள் ஸல்ஹா. "எல்லாரும் ஒண்டாப் பிடிக்கலாம். தனியத் தூக்க ஒருத்தராலயும் ஏலாது. நாங்க பாத்திட்டம்."

யோசேப் சேர் வடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். திரும்பி வரும்போது அவருடைய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்தது. "திங்கட்கிழமை இடைவேளைக்கு வெளியில விடுறன்" என்றார்.

அந்தச் சந்தோஷக் கூச்சலில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. வடத்தில் பழைய தார் பூசியிருந்தது. வெயிலில் அது இளகியிருந்தது.

ஸல்ஹாவின் வீட்டில் உம்மா கண்டுபிடித்தார்.

"இது ஆர்ட சட்டை?"

"என்ட, உம்மா."

"அப்ப வெள்ளைச் சட்டை எங்க?"

"இதுதான் உம்மா அது."

ஸல்ஹாவின் உம்மாவின் பெயர் உம்மு குல்சும். ஸல்ஹாவின் குரல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அந்தத் தெரு முழுவதற்கும் விளங்கியது. "சங்கக் கடையில சட்டை தோய்க்கிற சவர்க்காரம் வந்து எத்தினை நாள்! இருக்கிறது ஒரேயொரு வெள்ளைச் சட்டை! தங்கச்சிட மண்டை உடைஞ்சு ரெண்டு நாள் ஆகேல்ல, அதுக்குள்ள இதுவா?"

அதே நேரத்தில் குன்றைச் சுற்றியிருந்த எல்லா வீடுகளிலும் இதே கேள்விகள்தான் கேட்டன.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வீட்டுச் சட்டைகளோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார் வந்தார்கள். முன்னுக்கு உம்மு குல்சும் நின்றார். பக்கத்தில் லெஸ்லியின் அம்மா றீற்றா, தார் பட்ட நீலக் காற்சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சேர், இந்த வடம் பள்ளிக்கூடத்தில இருக்கக் கூடாது!"

"கொஞ்சம் பொறுங்கோ, அம்மா..." என்றார் யோசேப் சேர்.

"பொறுக்க ஏலாது! இந்த முசீபத்துப் பிடிச்ச வடத்தை நானே வெளியில இழுத்துப் போடுறன்!"

உம்மா படலைப் பக்கம் கிடந்த நுனியைப் பிடித்து இழுத்தார். வடம் அசைந்தது.  ஸல்ஹா யோசிக்கவே இல்லை. கைகள் தாமாகவே போய் வடத்தைப் பிடித்தன.

"விடு ஸல்ஹா!"

"உம்மா, வேண்டாம் உம்மா!"

றீற்றா வந்து உம்மாவுக்குப் பின்னால் பிடித்தார். அஸீம் ஓடி வந்து ஸல்ஹாவுக்குப் பின்னால் பிடித்தான். மற்றத் தாய்மாரும் வந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். லெஸ்லி மறுநுனியைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிக்கால்களை மண்ணில் ஊன்றினான்.

வடம் கம்பி போல விறைத்து நின்றது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு தாய்மார் ஓரடி பின்னால் போனார்கள். பிள்ளைகள் பல்லைக் கடித்து அந்த ஓரடியைத் திருப்பி எடுத்தார்கள்.

எந்தப் பக்கம் நிற்பதென்று பரீனாவுக்குத் தெரியவில்லை. நடுவில் நின்று, "உம்மா, இழுங்க! ராத்தா, இழு! உம்மா, இழுங்க! ராத்தா, இழு!" என்று துள்ளித் துள்ளிக் கத்தினாள். யோசேப் சேர் தன்னை அறியாமலே குனிந்து, வடம் எந்தப் பக்கம் போகிறது என்று நிலத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"ஓரெட்டு எட்டு!" என்று அஸீம் தொடங்கினான். பிள்ளைகள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். தாய்மார் தள்ளாடினார்கள்.

"விடாதீங்க!" என்று உம்மா கத்தினார். "குனிஞ்சு பிடிங்க! றீற்றா, காலை ஊண்டுங்க!"

தாய்மார் குனிந்தார்கள். கால்களை ஊன்றினார்கள். அவ்வளவுதான். லெஸ்லியின் குதிக்கால்கள் மண்ணில் இரண்டு கோடு கீறிக்கொண்டு வந்தன. ஸல்ஹா, அஸீம், அவர்களுக்குப் பின்னால் நின்ற எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகப் படலையடியில் வந்து விழுந்தார்கள்.

தாய்மார் வென்றுவிட்டார்கள். மூச்சு வாங்க வீதியில் நின்றார்கள். வென்ற பிறகு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். கறுப்பு. றீற்றாவும் தன் கைகளைப் பார்த்தார். முகத்தில் பறந்த மயிரை அந்தக் கையாலேயே ஒதுக்கியிருந்ததால் அவருக்குக் கறுப்பு மீசையும் முளைத்திருந்தது. உம்மா அதைக் கண்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பிள்ளைக் குவியலின் அடியிலிருந்து ஸல்ஹா தலையை வெளியே எடுத்தாள்.

"உம்மா, தார்தானே பிழை? வடத்தில பிழை இல்லத்தானே?"

உம்மா உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"பழைய சாக்கை வெட்டி வடத்தைச் சுத்தித் தைச்சா, கையில தார் படாது. சட்டைகளையும் நாங்களே தோய்ச்சுத் தாறம்."

"ஆர் தைக்கிறது?"

"நாங்கதான்."

"எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாதே" என்றான் அஸீம்.

"எனக்குத் தெரியும்" என்றான் லெஸ்லி. "நான் காட்டித் தாறன்."

உம்மா யோசேப் சேரைப் பார்த்தார். யோசேப் சேர் உம்மாவைப் பார்த்தார். "தைச்சு முடிச்சாப் பாப்பம்" என்றார் உம்மா.

சனிக்கிழமை ஸெய்னுதீன் காக்கா களஞ்சியத்திலிருந்து பழைய சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் மைதானத்தில் நீளமாக இருந்து தைத்தார்கள். அஸீமின் விரலில் ஊசி குத்தாத இடமில்லை. ஆனாலும் லெஸ்லிக்குப் பக்கத்தை விட்டு அவன் எழும்பவில்லை.

"பந்துக்கு..." என்று அஸீம் ஒருமுறை தொடங்கினான்.

"முதல்ல நூலை இறுக்கு" என்றான் லெஸ்லி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஸல்ஹாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. வடம் இழுக்கப் பெரியவர்களுக்குச் சரி. பரீனாவைப் போலச் சின்னவர்கள் என்ன செய்வார்கள்? வாலில் கொஞ்சத்தை வெட்டித் தரச்சொல்லி ஸெய்னுதீன் காக்காவிடம் கேட்டாள். வெட்டிய துண்டு மூன்று புரியாகப் பிரிந்தது. புரிகள் இன்னும் மெல்லிய இழைகளாகப் பிரிந்தன. உள்ளே தார் ஊறாத இழைகள் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தன. அவற்றை மறுபடி முறுக்கியபோது சுழற்றித் துள்ளிக் கயிறடிக்கக் கயிறுகள் கிடைத்தன, வகுப்புக்கு ஒன்றாக. மிஞ்சிய தடித்த துண்டை ஸெய்னுதீன் காக்கா வேப்பமரக் கிளையில் ஊஞ்சலாகக் கட்டினார். தானே ஒருமுறை இருந்து ஆடியும் பார்த்தார். கிளை முனகியது.

ஞாயிற்றுக்கிழமை குன்றைச் சுற்றியிருந்த கொடிகளில் எல்லாம் வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன. எல்லாச் சட்டையிலும் தார் எடுக்கத் தேய்த்த மண்ணெண்ணெய் மணத்தது.

திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். சின்னவர்கள் கயிறடித்தார்கள். ஊஞ்சலுக்கு ஒரு வரிசை நின்றது. வேப்பமரத்துக்கும் புளியமரத்துக்கும் இடையில் வடம் சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு நீட்டி நிமிர்ந்து கிடந்தது.

அஸீம்தான் ஒரு பக்கத்துக்குத் தலைவன். முதல் ஆளைத் தெரிவுசெய்யும்போது அவன் யோசிக்கவே இல்லை.

"லெஸ்லி எங்கட பக்கம்!"

"அப்ப நான் மற்றப் பக்கம்" என்றாள் ஸல்ஹா, கைகளைத் தேய்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. உம்மா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் றீற்றாவும் இன்னும் சில தாய்மாரும் வந்தார்கள்.

யோசேப் சேர் பயந்தே போனார். "என்னம்மா, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்டும் இல்ல, சேர். பரீனா தண்ணிப் போத்தலை வீட்டில விட்டிட்டு வந்திட்டா, அதுதான்..."

"என்ட போத்தல் இங்க இருக்கே, உம்மா!" என்று பரீனா போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

உம்மா அது காதில் விழாதது போல நின்றார். சாக்குச் சுற்றிய வடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ஒட்டவில்லை.

"சரி, வந்ததுதான் வந்திட்டம்" என்று சொல்லிக்கொண்டே, முக்காட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, செருப்புகளைக் கழற்றி மதிலோரம் ஒழுங்காக வைத்தார்.